அறிதலும் அறிவித்தலும்

மனிதனுக்கு வரும் நோய்களுள் சில பேசத்தக்கவை; சில பேசத்தகாதவை என ஒதுக்கப்பட்டவை. காய்ச்சல் கண்டவன் அதனை அண்டை வீட்டாரிடம் கூறத் தயங்குவதில்லை. நீரிழிவு உடையவர் விருந்துக்குச் சென்ற இடத்தில் இனிப்பை மறுத்து, அதற்குரிய காரணத்தையும் சொல்கிறார். இரத்தக் கொதிப்பு உள்ள இருவர் சந்தித்தால், தாம் உட்கொள்ளும் மாத்திரைகளைப் பற்றி அரைமணி நேரம் உரையாடுவதும் உண்டு. ஆனால், உடலுறவின் வழியே தொற்றும் நோயொன்று வந்துவிட்டால் மட்டும் நா எழுவதில்லை. உடலை வருத்தும் நோய் ஒன்றுதான். அதனை உள்ளத்துள் பூட்டி வைப்பதால் வரும் வருத்தமோ பலவாகிறது.

ஜொகூர் பாருவில் குடியிருந்து, நாள்தோறும் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று வரும் ஓர் இளைஞனைக் கற்பனை செய்து பார்க்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அவனுக்கு ஒரு பெண்ணோடு நெருக்கம் ஏற்பட்டது. அடுத்த சில நாள்களில் உடலின் மறைவிடத்தில் சிறு கொப்புளங்கள் தோன்றின. மருத்துவர் பரிசோதித்து, அது ஹெர்பிஸ் என்றார். புண்கள் ஆறின. பின்னர் ஒரே ஒருமுறை மீண்டும் வந்து மறைந்தன. இப்பொழுது உடலில் எந்த அடையாளமும் இல்லை. இந்நிலையில் அவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். ஜாதகப் பொருத்தம் பார்த்தாயிற்று, பரிசமும் போட்டாயிற்று. படிப்பு, சம்பளம், குடும்பம், குலதெய்வம் எல்லாவற்றையும் பற்றிக் கேட்டவர்கள் இதைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. கேட்கப்படாத ஒன்றை அவன் தானாகச் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா? இவ்வினா அந்த ஓர் இளைஞனோடு முடிவதன்று. தன் உடலைப் பற்றிய உண்மையில் பிறருக்கு எவ்வளவு உரிமை உண்டு என்னும் பெரிய வினாவின் ஒரு கிளை அது.

இதற்கு விடை காணுமுன் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். உண்மையை அறியாது கூறும் நீதி, கணக்கை அறியாது போடும் கூட்டல் போன்றது.

நோயின் இயல்பு

ஹெர்பிஸ் என்னும் பெயர், ஊர்ந்து செல்லுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழகத்துச் சிற்றூர்களில் குயவர் காவி மண்ணைக் குழைத்து 'எழுதும்' அக்கியை இதனோடு ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் உளர். அக்கி என்பது, சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ் உடலில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து விழித்தெழுவதால் வருவது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் வேறொரு வைரஸ். அதில் இரண்டு வகைகள் உள்ளன. முதல் வகை பெரும்பாலும் வாயைச் சுற்றிக் கொப்புளங்களை உண்டாக்கும். பலருக்கு இது குழந்தைப் பருவத்திலேயே, உற்றாரின் முத்தத்தால் கூடத் தொற்றிவிடுகிறது. இரண்டாம் வகை உடலுறவின் வழியே பிறப்புறுப்புப் பகுதியில் தொற்றுவது. முதல் வகையும் வாய்வழி உறவால் பிறப்புறுப்பில் தொற்றக்கூடும். இரண்டு வகைகளுமே நரம்பு முடிச்சுகளுள் புகுந்து, ஆயுள் முழுவதும் அங்கே தங்கிவிடுகின்றன. அவ்வப்போது வெளிப்பட்டுப் புண்களை உண்டாக்கலாம். வெளிப்படாமலே இருந்துவிடவும் கூடும். முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை.

இந்நோய் அரியதா என்றால், இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டிற்குச் செய்த கணிப்பின்படி, 50 வயதிற்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 380 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 64 பேர், முதல் வகையைத் தாங்கியிருந்தனர். 15 முதல் 49 வயது வரை உள்ளோரில் ஏறத்தாழ 52 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு 13 பேர், இரண்டாம் வகையைத் தாங்கியிருந்தனர். இவர்களுள் மிகப் பலருக்கு அறிகுறி ஏதும் தோன்றுவதில்லை. தோன்றினாலும் பூச்சிக்கடி என்றோ, சிரங்கு என்றோ எண்ணிக் கடந்துவிடுகின்றனர். தம்மிடம் இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடிப்போர் கோடிக்கணக்கில் உள்ளனர்.

வளர்ந்த மனிதருக்கு இந்நோய் பெரும்பாலும் உயிருக்கு இறுதி தருவதன்று. அதற்காக அதனை ஒன்றுமில்லாததாகவும் கொள்ளலாகாது. இரண்டாம் வகையைத் தாங்கியவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்காகிறது. எல்லாவற்றிலும் கொடியது, பிறக்கும் குழந்தைக்குத் தொற்றுவது. அது அரிதாகவே நிகழ்கிறது. நிகழ்ந்தால் குழந்தையின் மூளையையும் உயிரையும் தாக்கும். தாய்க்கு நெடுநாளாக இந்நோய் இருந்தால் குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு. கருவுற்ற கடைசி மாதங்களில் அவளுக்குப் புதிதாகத் தொற்றினால்தான் ஆபத்து மிகுதி. மருத்துவர் முன்னரே அறிந்திருந்தால் மருந்தாலும் அறுவைப் பிரசவத்தாலும் குழந்தையைக் காக்க வழி உண்டு. அந்த இளைஞன் மணக்கவிருக்கும் பெண் நாளை தாயாகக் கூடியவள். அவனுடைய மௌனம் அவனோடும் அவளோடும் நின்றுவிடுவதன்று. இன்னும் பிறவாத ஓர் உயிரையும் அது தொடுகிறது.

தொற்றும் வழியும் அளவும்

புண் இருக்கும்போது தொற்றும், ஆறிவிட்டால் தொற்றாது என்பது பொதுவான நம்பிக்கை. அந்த இளைஞனும் அதனையே நம்பியிருக்கக் கூடும். ஆய்வுகள் அதற்கு மாறான செய்தியைத் தருகின்றன. இரண்டாம் வகையைத் தாங்கியோரை நாள்தோறும் பரிசோதித்து 2011இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வொன்றில், முன்னர் அறிகுறி கண்டவர்களிடம் ஏறத்தாழ நூற்றுக்கு 20 நாள்களிலும், அறிகுறியே காணாதவர்களிடம் ஏறத்தாழ நூற்றுக்கு 10 நாள்களிலும் வைரஸ் தோலின் மேற்பரப்பில் இருந்தது. ஒருவருக்கு நோய் இருந்து மற்றவருக்கு இல்லாத 144 தம்பதியரை ஏறத்தாழ ஓராண்டு ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், 14 பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டது. தொற்றிய சூழ்நிலை தெளிவாகத் தெரிந்த 13 பேரில் 9 பேருக்கு, துணைவரிடம் புண் ஏதும் காணப்படாத வேளையிலேயே அது தொற்றியிருந்தது. கண்ணுக்குத் தெரியாதது இல்லாததாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அதே ஆய்வை மறுபக்கத்திலிருந்தும் படித்தல் வேண்டும். ஓராண்டுக் காலம் கூடி வாழ்ந்தும் 130 தம்பதியரிடையே நோய் பரவவில்லை. ஆகவே, ஒருமுறை உறவு கொண்டதாலேயே தொற்றியிருக்கும் என்று நடுங்குவதும் பொருந்தாது. தோலோடு தோல் உரசுவதால் தொற்றுவது இது. கழிப்பறை இருக்கையாலோ, துவாலையாலோ, நீச்சல் குளத்தாலோ பரவுவதாக அஞ்ச வேண்டியதில்லை. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கக்கூடுமாதலால் முற்றிலும் தடுக்காது. நாள்தோறும் உட்கொள்ளும் மருந்தும் உதவும். 1,484 தம்பதியரை எட்டு மாதம் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், வெற்று மாத்திரை உட்கொண்டோரின் துணைவர்களுள் நூற்றுக்கு 3.6 பேருக்கும், வாலாசைக்ளோவிர் உட்கொண்டோரின் துணைவர்களுள் நூற்றுக்கு 1.9 பேருக்கும் தொற்று ஏற்பட்டது. மருந்து ஏறத்தாழப் பாதி ஆபத்தைக் குறைத்தது. எல்லாத் தம்பதியரும் நோயைப் பற்றி அறிந்தவர்கள், பாதுகாப்பு பற்றி அறிவுரை பெற்றவர்கள் என்பதையும் இங்கே மறத்தலாகாது.

அறிந்திருத்தல் என்பது உண்மையிலேயே ஒரு காப்பா? 2006இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. புதிதாக நோய் தொற்றியவர்களிடம், துணைவர் தம் நோயை முன்கூட்டிச் சொல்லியிருந்தாரா என்று கேட்டனர். சொல்லப்படாதவர்களுக்கு உறவு தொடங்கியதிலிருந்து நோய் தொற்றிய கால அளவின் நடுமதிப்பு 60 நாள்கள். சொல்லப்பட்டவர்களுக்கோ 270 நாள்கள். மருந்துக் கடையில் விற்காத, விலை இல்லாத ஒரு சொல், நோயை நான்கு மடங்குக்கும் மேலான காலம் தள்ளி நிறுத்தியிருக்கிறது. உண்மை பேசுதல் மறுமைக்கு மட்டும் உதவும் அறமன்று. இம்மையில் உடலைக் காக்கும் மருந்துமாகும்.

அறியும் கடமை

இனி, வேறொருவரை எண்ணிப் பார்க்கலாம். சென்ற வாரம் ஒரு முறை உறவு கொண்டவர். உடலில் ஒன்றும் காணவில்லை. ஆயினும் அச்சத்தால் உறக்கமிழந்தவர். நோய் இருக்கிறதா என்று அறிந்து கொள்ளும் கடமை அவருக்கு உண்டா?

இங்கிலாந்தின் கணித அறிஞரும் தத்துவ அறிஞருமான வில்லியம் கிளிஃபர்டு 1877இல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளியைப் பற்றிக் கூறுகிறார். அவனுடைய கப்பல் பழையது. பலமுறை பழுது பார்க்கப்பட்டது. குடிபெயரும் மக்களை ஏற்றி அனுப்புமுன் அதனைச் சோதிக்க வேண்டும் என்னும் ஐயம் அவன் உள்ளத்தில் எழுந்தது. 'இத்தனை புயல்களைக் கடந்த கப்பல் இதையும் கடக்கும்' என்று தன்னைத்தானே தேற்றிக் கொண்டு, ஐயத்தை அடக்கி, மனமார நம்பி அனுப்பி வைத்தான். கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. அவன் மனமார நம்பியது உண்மையே. ஆயினும் அப்படி நம்புவதற்கு அவனுக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபர்டு. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே என்றும் அவர் தொடர்ந்து கூறுகிறார். குற்றம் விளைவில் இல்லை; ஐயத்தை ஆராயாமல் அடக்கியதில் உள்ளது. 'புண் ஆறிவிட்டது, இனி ஒன்றுமில்லை' என்று தன்னைத் தேற்றிக் கொள்ளும் இளைஞன், அக்கப்பல் முதலாளியின் தம்பியே ஆவான்.

ஆனால் கிளிஃபர்டின் நீதியை இந்நோய்க்குப் பொருத்தும்போது ஒரு தடை எழுகிறது. கப்பலைச் சோதித்தால் உண்மை தெரியும்; இங்கே சோதனையே சில வேளைகளில் தவறான விடை தருகிறது. கொப்புளம் தோன்றியிருந்தால், தோன்றிய ஓரிரு நாள்களுக்குள் அதிலிருந்து நீரெடுத்துச் சோதிப்பதே சிறந்த வழி. தொற்றியவர்களுக்கு அறிகுறி தோன்றுவதாயின், 2 முதல் 12 நாள்களுக்குள் தோன்றுவதே வழக்கம். அறிகுறி இல்லாதவருக்கு எஞ்சியிருப்பது இரத்தப் பரிசோதனை. அது வைரஸைத் தேடுவதன்று. வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. அவ்வெதிர்ப்பொருள் உண்டாகச் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு மூன்று மாதங்களும் அதற்கு மேலும் ஆகலாம். உறவுக்கு மறுவாரம் செய்யும் இரத்தப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தால், அந்த உறவால் தொற்றவில்லை என்பதற்கு அது சான்றாகாது. 'உண்டு' என்று வந்தாலும், எப்போது தொற்றியது, யாரிடமிருந்து தொற்றியது என்று அது சொல்லாது. முதல் வகைக்கு 'உண்டு' என்று வந்தால், அது வாயிலா பிறப்புறுப்பிலா என்பதையும் சொல்லாது. இரண்டாம் வகைக்கான பரிசோதனையில் அளவு சற்றே கூடியிருக்கும்போது, நோயே இல்லாதவருக்கும் 'உண்டு' என்று பொய்யாகக் காட்டுவது உண்டு. அத்தகைய முடிவை வேறொரு முறையால் உறுதிப்படுத்த வேண்டும். இக்காரணங்களால், அறிகுறியற்ற பொதுமக்களுக்கு இப்பரிசோதனையைச் செய்ய வேண்டா என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016இலும் மீண்டும் 2023இலும் பரிந்துரைத்தது. பால்வினை நோய்களுக்கான வழக்கமான பரிசோதனைகளில் ஹெர்பிஸ் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. 'எல்லாவற்றையும் சோதித்தாயிற்று' என்று நம்பிக்கையோடு கூறும் பலர், இதனைச் சோதிக்கவில்லை என்பதை அறியார்.

அப்படியானால் அறியும் கடமை இல்லையா? உண்டு, ஆனால் அதன் எல்லை வேறு. கிடைத்த கருவியையெல்லாம் எடுத்து அளப்பது ஆராய்ச்சியாகாது. கோணிய அளவுகோலால் அளந்தவன், அளவாதவனைவிடப் பிழையாக அறிகிறான். அறிகுறி கண்டால் உடனே மருத்துவரிடம் செல்லுதல். காணாவிட்டால் துணைவரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ளுதல். துணைவருக்கு நோய் உண்டு என்று அறிந்தால், உரிய காலம் கழித்து உரிய பரிசோதனையைச் செய்து கொள்ளுதல். மருத்துவர் கூறும் முடிவின் வலிமையையும் குறையையும் கேட்டறிதல். இவையே அக்கடமையின் உறுப்புகள். அறியக்கூடியதை அறிய மறுப்பது குற்றம். அறிய இயலாததை அறியாதிருப்பது குற்றமன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் கொண்டு, சிலர் அலட்சியத்திலும் சிலர் அச்சத்திலும் வீழ்கின்றனர்.

அறிவிக்கும் கடமை

அறியாதவர் நிலை இது. அறிந்தவர் நிலை வேறு. ஜொகூர் இளைஞன் அறிந்தவன். அவன் தன் மௌனத்திற்குக் காட்டக்கூடிய காரணங்களைப் புறக்கணித்தலாகாது. அவற்றிலும் வலிமை உண்டு.

முதற்காரணம், திருக்குறளிலிருந்தே எடுக்கத்தக்கது. 'வாய்மை' அதிகாரத்தில் வள்ளுவர் உண்மையை வெறும் சொற்பொருத்தமாகக் கொள்ளவில்லை. பிறருக்குத் தீங்கு தராமையையே அதன் இலக்கணமாகக் கொண்டார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கப்படும் என்று அவர் இசைவும் தருகிறார். 'நான் சொன்னால் அவள் வருந்துவாள். அவளுடைய பெற்றோர் இடிந்து போவர். சொல்லாவிட்டால் எல்லாரும் மகிழ்வர். ஆகவே என் மௌனமே வாய்மை' என்று அவன் வாதிடலாம்.

இவ்வாதம் எங்கே பிழைபடுகிறது? வள்ளுவர் தந்த இசைவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விளையும் நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும். இங்கே நன்மை யாருக்கு, தீங்கு யாருக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மௌனத்தால் இன்று மகிழ்வோர் பலர். ஆயினும் மௌனத்தால் காக்கப்படுவது அவனுடைய திருமணமும் அவனுடைய மானமும். தொற்றும் ஆபத்தோ அவளுடையது. ஒருவர் இலாபம் பெற, மற்றவர் தாம் அறியாமலே இழப்பைச் சுமப்பது குற்றமற்ற நன்மையாகாது. பிறர் நலத்திற்காகக் கூறும் பொய்க்கு அளித்த சலுகையைத் தன் நலத்திற்காகக் காக்கும் மௌனத்திற்குக் கேட்பது, வள்ளுவரிடம் கடன் வாங்கி வேறு கடையில் செலவிடுவதாகும்.

இரண்டாம் காரணம், நோய் பரவலாக உள்ளது என்பது. 'உலகில் ஆயிரத்தில் நூற்று முப்பது பேருக்கு இருப்பதை நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?' என்று அவன் கேட்கலாம். பரவலாக இருப்பது வெட்கத்தைக் குறைக்கத்தக்க காரணம். கடமையைக் குறைக்கத்தக்க காரணமன்று. பலர் அறியாமல் செய்வதை ஒருவன் அறிந்தே செய்தால், அவன் அப்பலரோடு சேர மாட்டான்.

மூன்றாம் காரணம், ஆபத்து சிறியது என்பது. இதில் உண்மை உண்டு. ஆனால் ஆபத்து சிறியதா பெரியதா, ஏற்கத்தக்கதா தகாததா என்று முடிவு செய்யும் உரிமை அதனைச் சுமப்பவருக்கே உரியது. உடன்பாடு என்பது அறிந்து தருவது. அறியாமல் தலையசைத்தவர் உடன்பட்டவராகார். அமெரிக்காவின் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984இல் வழங்கிய தீர்ப்பொன்றில், நோயை மறைத்துத் தொற்றச் செய்தவர்மீது பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடரலாம் என்றது. அந்தரங்க உரிமை என்னும் திரையின் பின்னே மறைந்து கொள்ள அவருக்கு அது இடந்தரவில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆயினும், அந்தரங்கம் என்பது தன்னைக் காக்கும் வேலியேயன்றிப் பிறரை வீழ்த்தும் குழியன்று என்னும் கருத்து எந்நாட்டு அறத்திற்கும் பொருந்தும்.

ஆகவே அவன் சொல்ல வேண்டும். திருமணத்திற்கு முன்னரே, அவளிடமே சொல்ல வேண்டும். ஊருக்குச் சொல்ல வேண்டிய கடமை அவனுக்கு இல்லை. மாமனுக்கும் அத்தைக்கும் அதில் உரிமை இல்லை. ஆபத்து யாரைச் சேருமோ அவருக்கு மட்டுமே அவ்வுண்மை கடனாக உள்ளது. அந்தரங்கத்தின் எல்லையும் வாய்மையின் எல்லையும் அவ்விடத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

கேட்பவரின் கடமை

இதுவரை சொல்பவனின் கடமையே பேசப்பட்டது. நீதி நூல்களும் பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடுகின்றன. ஆனால் உண்மை என்பது இருவர் தூக்கும் பாரம். ஒருவர் கைவிட்டாலும் அது கீழே விழும்.

1982ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாளிட்ட 'டைம்' இதழ், ஹெர்பிஸைத் தன் அட்டைக் கட்டுரையாக்கி, அதனை 'இன்றைய செந்நிற எழுத்து' என்று வருணித்தது. நத்தானியேல் ஹாதார்ன் 1850இல் எழுதிய புதினத்தில், முறைதவறியவள் எனத் தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு பெண்ணின் மார்பில் ஊரார் அணிவித்த அவமானச் சின்னத்தையே அத்தலைப்பு நினைவூட்டியது. வாயோரத்தில் வந்தால் எவரும் பொருட்படுத்தாத கொப்புளம், சற்றுக் கீழே வந்ததும் ஒழுக்கத்தின்மேல் எழுதப்பட்ட தீர்ப்பாயிற்று. அதே 1982ஆம் ஆண்டில்தான், இந்நோய்க்கான ஆசைக்ளோவிர் என்னும் மருந்து அமெரிக்காவில் களிம்பாக ஒப்புதல் பெற்றது. அம்மருந்து உருவான ஆய்வுக் கூடத்தின் பணிகளை முன்னின்று நடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றார். புண்ணுக்கு மருந்தும் மனத்துக்குப் புண்ணும் ஒரே ஆண்டில் கிடைத்தன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மருந்து நாளடைவில் மலிந்தது. அவமானம் மட்டும் மலியவில்லை.

அவமானத்தால் நோய் குறைந்ததா? இல்லை. அவமானம் வாயை அடைக்கிறது. அடைபட்ட வாய் துணைவரை எச்சரிப்பதில்லை. எச்சரிக்கப்படாதவருக்கு 270 நாள் 60 நாளாகச் சுருங்குகிறது. நோயுற்றவரை இகழும் சமூகம், தன்னை அறியாமலே நோய்க்குத் துணை போகிறது. உண்மை பேசியவனைத் தண்டித்துவிட்டுப் பொய் பேசுகிறார்களே என்று வருந்துவது, விதைநெல்லைத் தின்றுவிட்டு விளைச்சல் இல்லையே என்று அழுவது போன்றது.

கேட்பவரின் முதற்கடமை, தீர்ப்புக் கூறுமுன் பொறுத்திருத்தல். திருமணமாகிப் பல ஆண்டு கழித்து ஒருவருக்கு முதன்முதலாகக் கொப்புளம் தோன்றினால், 'யாரிடம் போனாய்?' என்பதே பல வீடுகளில் எழும் முதல் வினா. ஆனால் இந்த வைரஸ் பல்லாண்டு உறங்கிக் கிடந்து விழிப்பது. திருமணத்திற்கு முன்னரே தொற்றியிருக்கலாம், அறிகுறியற்ற துணைவரிடமிருந்தே வந்திருக்கலாம், வாய்ப்புண்ணிலிருந்தும் வந்திருக்கலாம். அக்கொப்புளம் எவருடைய கற்பிற்கும் சாட்சியாகாது. எவருடைய துரோகத்திற்கும் சாட்சியாகாது. அறிவியல் சொல்ல மறுக்கும் தீர்ப்பை ஆத்திரம் சொல்லிவிடுகிறது. அதிலும் பழி பெரும்பாலும் பெண்ணின் தலைமேலேயே விழுகிறது. உடலுறவில் இந்நோய் ஆணிடமிருந்து பெண்ணுக்கே எளிதாகத் தொற்றுகிறது என்பதை அறிந்தவர்கள், அப்பழியைச் சுமத்துமுன் ஒருமுறையேனும் தயங்குவர்.

இரண்டாம் கடமை, சொன்னவரின் நம்பிக்கையைக் காத்தல். தன்னிடம் மட்டும் சொல்லப்பட்டதைத் தெருவில் வைப்பவர், உண்மையைக் கேட்கும் தகுதியை இழக்கிறார். அந்தப் பெண்ணுக்கு மறுக்கும் உரிமை முழுதும் உண்டு. 'இதனை ஏற்க இயலவில்லை' என்று அவள் கூறலாம். அது கொடுமையன்று, அவளுடைய சுதந்தரம். ஆனால் மறுப்பதற்கான காரணத்தை ஊரறியச் சொல்லும் உரிமை அவளுக்கோ அவள் வீட்டாருக்கோ இல்லை. மறுத்தலில் அறம் கெடுவதில்லை, தூற்றுதலில் கெடுகிறது.

வகுப்பறையில் 'வாய்மை' அதிகாரம் ஆண்டுதோறும் கற்பிக்கப்படுகிறது. பொருள் எழுதச் சொல்கிறார்கள், மாணவர்கள் எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் வாழ்க்கை அந்த அதிகாரத்தைத் தேர்வுத்தாளில் கேட்பதில்லை. பரிசம் போட்டபின் ஓர் இரவில், கைப்பேசியைக் கையில் வைத்துக் கொண்டு, அழைப்பதா வேண்டாவா என்று தவிக்கும் ஓர் இளைஞனிடம் கேட்கிறது. மறுமுனையில் காதில் விழுவதை எப்படி ஏற்பது என்று திகைக்கும் ஒரு பெண்ணிடம் கேட்கிறது. அவ்விருவரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு தமிழ் வகுப்பில் அமர்ந்திருந்தவர்கள். உடலைப் பற்றிய பேச்சு வந்தபோது ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிட்டாரா, அமைதியாக நின்று விளக்கினாரா என்பது அந்த இரவில் தெரிந்துவிடும்.

அவன் சொல்ல வேண்டியது நீண்ட உரையன்று. தனக்கு என்ன வந்தது, எப்போது வந்தது, மருத்துவர் என்ன கூறினார், அவளைக் காக்க எவ்வெவ் வழிகள் உள்ளன, எவ்வழியும் முழுக் காப்பாகாது என்பது; அவ்வளவே. அவளோடு சேர்ந்து மருத்துவரைக் காணவும் அவன் முன்வரலாம். அவள் முடிவு எதுவாயினும், அது அறிந்து எடுத்த முடிவாக இருக்கும். திருமணம் நடந்தால் அதன் முதல் நாளிலேயே இருவருக்கிடையே ஓர் உண்மை நின்றுகொண்டிருக்கும். நடவாவிட்டால், இரவில் உறங்கும்போது அவன் நெஞ்சில் ஒரு கப்பல் மூழ்கிக் கொண்டிராது.